சைபர் விழுந்தால் நூறு: நாலு வருஷ டைஸ் அனுபவம்

நேற்று நண்பன் கேட்டான்: "மச்சி, நூறு பக்க டைஸ் விலை இறங்கியிருக்கு. நம்ம 'கால் ஆஃப் கத்துலு' ஆட்டத்துக்கு அதை வாங்கிடவா, இல்ல ரெண்டு பத்துப் பக்க டைஸே போதுமா?" ஆளுக்கொரு கேரக்டராகி மேஜையில் ஆடும் திகில் கதை ஆட்டம் அது; எடுத்த காரியம் பலிக்கிறதா என்று 1 முதல் 100 வரை டைஸ் உருட்டிப் பார்ப்போம்.

"போதும்டா" என்று முடித்திருக்கலாம். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நினைத்தால் வயிறு எரிகிறது, அதனால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

என்னிடம் நாலு வருஷமாக இருப்பது ஒரு அக்ரிலிக் ஜோடி. ஒன்றில் 00, 10, 20 என்று 90 வரை, மற்றதில் 0 முதல் 9 வரை. பொருளில் குறையே இல்லை. எண்களில் நிரப்பிய வெள்ளைப் பெயின்ட் இன்னும் உதிரவில்லை. எங்கள் கீப்பர், அதாவது ஆட்டத்தை நடத்துபவர், லைட்டை அணைத்துவிட்டு மெழுகுவத்தி ஏற்றும் ரகம். அந்த இருட்டிலும் படிக்க முடிகிறது. நடுவில் பளபளப்பில் மயங்கி ஒரு உலோக ஜோடி வாங்கினேன். மேஜைக் கண்ணாடியில் கீறல் விழுந்த அன்றே அது பெட்டிக்குள் போய்விட்டது.

பிரச்சினை அந்த 00தான். 00, 5 விழுந்தால் ஐந்து. 90, 0 விழுந்தால் தொண்ணூறு. ஆனால் 00, 0 விழுந்தால் நூறு! இந்த ஆட்டத்தில் எண் குறைய குறைய நல்லது; 01 உச்சம், 100 படுதோல்வி. கண்ணுக்கு வெறும் சைபராகத் தெரிவதுதான் இருப்பதிலேயே மோசமான எண். புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இதை விளக்கியே எனக்கு வாய் வலிக்கிறது.

அப்படி விளக்குகிற நானே ஞாயிறன்று மாட்டினேன். ஆட்டத்தின் ஏழாம் பதிப்பில் போனஸ் டைஸ் உண்டு. பத்துகள் டைஸ் இன்னொன்றையும் சேர்த்து உருட்டி, வருவதில் குறைந்ததை எடுத்துக்கொள்ளலாம். என் பேராசிரியர் கேரக்டருக்கு நூலகத் தேடல் திறன் 60, அதாவது அறுபதோ அதற்குக் குறைவோ விழுந்தால் வெற்றி. விழுந்தது 00, 30, ஒன்றுகளில் 0. பக்கத்திலிருந்தவன் "00 எடு, அதான் சின்னது" என்றான். யோசிக்காமல் எடுத்தேன். "அப்போ நூறு" என்றார் கீப்பர். 30ஐ எடுத்திருந்தால் திறனில் சரிபாதி, 'கடினமான வெற்றி' என்கிற மேல்ரக வெற்றி. "எடுத்தது எடுத்ததுதான்" என்று சிரித்தார் மனிதர். பேராசிரியர் விளக்கைத் தட்டிவிட்டு அலமாரியையே கொளுத்திவிட்டார்.

நூறு பக்க டைஸில் இந்த வம்பே இல்லை, 100 என்றே எழுதியிருக்கும். லூ ஸோக்கி 1985இல் கொண்டுவந்த அசலில், உருள்வதைக் கட்டுப்படுத்த உள்ளே தளர்வான எடைகள் உண்டு. என்னுடையது பெயர் தெரியாத நகல், அதில் எடையும் இல்லை கிடையும் இல்லை. கோல்ஃப் பந்து மாதிரி கட்டிலுக்கடியில் போய்த்தான் நிற்கும். நின்றாலும் எந்தப் பக்கம் மேலே என்று பஞ்சாயத்து. போனஸ் என்றால் பத்துகளை மட்டும் தனியாக உருட்ட வழியில்லை.

ஆகவே நண்பனுக்கு ஜோடியைத்தான் வாங்கச் சொன்னேன், கூடவே வேறு நிறத்தில் ஒரு பத்துகள் டைஸும். மதிப்பெண் கேட்டால், ஞாயிற்றுக்கிழமைக் கடுப்பு தீராததால், ஜோடிக்கு ஐந்துக்கு இரண்டு, பந்துக்கு மூன்று. அடுத்த ஞாயிறு நல்லதாக ஏதாவது விழுந்தால் மாற்றிப் போடுகிறேன்.