43 இஞ்சா, 55 இஞ்சா? வண்ணாரப்பேட்டை ஹாலுக்கு எது சரி

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளவாக்கில் போகும். முன்னால் ஹால், அப்புறம் படுக்கையறை, கடைசியில் சமையல்கட்டு. ஹாலின் அகலம் ஒன்பதரை அடி. அங்கிருந்த 32 இஞ்ச் டிவியில் ஒரு நாள் சாயங்காலம் சத்தம் மட்டும் வந்தது, படம் வரவில்லை. திரைக்குப் பின்னால் எரிகிற விளக்கான பேக்லைட் போய்விட்டது, அதுவும் இரண்டாவது தடவையாக. புதுசு வாங்கிவிடலாம் என்று முடிவு செய்தோம். கையில் 35,000 ரூபாய்.

அந்தக் காசுக்கு எங்கள் முன்னால் இரண்டு வழி இருந்தது. பெயர் தெரிந்த கம்பெனியின் 43 இஞ்ச், இல்லையென்றால் அவ்வளவாகக் கேள்விப்படாத கம்பெனியின் 55 இஞ்ச். "அதே காசுக்குப் பெருசு கிடைக்குதே" என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது.

டிவியின் இஞ்ச் என்பது மூலைக்கு மூலை அளக்கிற அளவு. 43க்கும் 55க்கும் 12 இஞ்ச்தானே வித்தியாசம் என்று நினைப்போம். ஆனால் 43 இஞ்ச் திரை சுமார் 95 செ.மீ. அகலம், 53 செ.மீ. உயரம். 55 இஞ்ச் திரை 122 செ.மீ. அகலம், 68 செ.மீ. உயரம். பரப்பில் பார்த்தால் ஒன்றரை மடங்குக்கும் மேல். இதைக் கடையில் நின்று உணர முடியாது, அந்தப் பெரிய ஹாலில் எல்லா டிவியும் சின்னதாகத்தான் தெரியும். அதனால் வீட்டுச் சுவரில் பழைய தினசரித் தாள்களை ஒட்டி இரண்டு அளவையும் செய்து பார்த்தோம். 55 அளவுத் தாளைப் பார்த்ததும் பாயில் உட்கார்ந்திருந்த நைனா, "இன்னாப்பா, செவுத்தையே அடைச்சிடுச்சு. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தலையைத் திருப்பணும் போல" என்றார்.

அவர் சொன்னதற்குக் கணக்கும் இருக்கிறது. திரையின் இஞ்ச் அளவை 1.6ஆல் பெருக்கினால் வசதியாகப் பார்க்கிற தூரம் இஞ்சில் கிடைக்கும். 43க்கு ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு, 50க்கு ஆறே முக்கால் அடி, 55க்கு ஏழேகால் அடிக்கு மேல். ஹாலின் நீளத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள், கண்ணிலிருந்து திரை வரைக்கும் அளந்து பாருங்கள். கட்டில், பீரோ, தையல் மிஷின் எல்லாம் போக எங்களுக்கு மிஞ்சியது ஆறரை அடி. கணக்குப்படி 49 வருகிறது. அப்படியென்றால் 50 வாங்கியிருக்கலாமே?

எங்கள் வீட்டில் அம்மா பார்ப்பது கேபிள். அதில் பாதிக்கு மேல் எஸ்டி, அதாவது தெளிவு குறைந்த பழைய தரச் சேனல்கள். எஸ்டி படத்தில் 720க்கு 576 புள்ளிகள். 4கே திரையில் 3840க்கு 2160. அதாவது சேனல் அனுப்புகிற ஒரு புள்ளியை டிவி இருபது புள்ளியாக இழுத்து நிரப்ப வேண்டும். திரை பெரிதாகி, நாமும் கிட்டத்தில் உட்கார்ந்தால் முகமெல்லாம் எண்ணெய் பூசின மாதிரி வழவழவென்று தெரியும். நல்ல கம்பெனி டிவிகள் இந்த இழுக்கும் வேலையைக் கொஞ்சம் திருத்தமாகச் செய்கின்றன. கடையில் ஓடுகிற பளபள 4கே வீடியோவை நம்பாமல் கேபிள் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். கேபிள் பார்க்கிற வீட்டுக்கு ஒரு அளவு குறைவாக வாங்குவதே நல்லது என்பது என் தீர்மானம். ஓடிடி மட்டும் பார்ப்பவர்கள், நேர் எதிரே ஏழு எட்டடி தள்ளி உட்கார இடம் இருப்பவர்கள் தயங்காமல் 55க்குப் போகலாம்.

மறுபடியும் 32 என்றால்? பெரும்பாலும் எச்டி ரெடிதான், 1366க்கு 768. முன்பு 32க்கு மேல் போனால் ஜிஎஸ்டி 28 சதவீதம். 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா அளவுக்கும் 18தான். வரியில் இருந்த லாபமும் போய்விட்டது. படுக்கையறைக்கு வேண்டுமானால் வாங்கலாம்.

அடுத்து வகை. க்யூஎல்இடி, ஓஎல்இடி இரண்டும் பெயரில்தான் அண்ணன் தம்பி. க்யூஎல்இடி என்பது சாதாரண எல்இடி டிவிதான், வண்ணத்தைச் செழுமையாக்க குவாண்டம் டாட் என்கிற நுண்துகள் அடுக்கு ஒன்று கூடுதலாக இருக்கும். பின்னால் பேக்லைட் எரிந்துகொண்டேதான் இருக்கும். மினி எல்இடியில் அந்த பேக்லைட்டே பொடிப்பொடி விளக்குகளாக, பகுதி பகுதியாக மங்கும். ஓஎல்இடியில் பேக்லைட்டே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். ராத்திரிக் காட்சியில் கறுப்பு கறுப்பாகவே இருக்கும், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் நாள் முழுக்கச் செய்திச் சேனல் ஓடுகிற வீட்டில், அந்த லோகோவும் கீழே ஓடுகிற பட்டையும் வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் திரையில் தடம் விழலாம். எங்களுக்கு அது விலையிலும் எட்டாது, பழக்கத்துக்கும் ஒத்துவராது.

இதைவிட முக்கியமானதை விற்கிறவர்கள் சொல்வதே இல்லை. எல்இடி, க்யூஎல்இடி எதுவானாலும் பேனல், அதாவது திரைத் தகடு, ஐபிஎஸ் வகையா, விஏ வகையா என்று பார்க்க வேண்டும். விஏவில் கறுப்பு நன்றாக இருக்கும், பக்கவாட்டில் போனால் நிறம் வெளிறும். ஐபிஎஸ்ஸில் கறுப்பு கொஞ்சம் சாம்பல் பூத்திருக்கும், ஆனால் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாது. எங்கள் வீட்டில் நைனா தரையில் பாயில், அம்மா சமையல்கட்டுப் பக்கத்துக் கதவோரம், பசங்க கட்டிலில். யாருமே நேர் எதிரே இல்லை! கடைக்காரருக்கு பேனல் வகை தெரியவில்லை. ஒரு முகம் திரையில் பெரிதாக வரும்போது நிறுத்தச் சொல்லி, சுவரோரம் போய் நின்று பார்த்தேன், குந்தியும் பார்த்தேன். 55இல் முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்தது. 43இல் நிறம் நின்றது.

கொளத்தூரில் அக்காவின் ஃபிளாட்டுக்கு நிலைமையே வேறு. சோபா நேர் எதிரே, எட்டடி தள்ளி. அங்கே விஏ பேனல் 55 அருமையாக இருக்கிறது. ஒரே குறை, எதிரே பால்கனி. மாலை நாலு மணிக்குத் திரையில் காயப்போட்ட துணிதான் தெரிகிறது. கனமான திரைச்சீலை போட்ட பிறகுதான் சரியானது.

காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் கடலோரமாக இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உப்புக் காற்றில் சாதாரண ஸ்க்ரூ துருப்பிடிக்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேட்டு வாங்குங்கள். மழைக்காலத்தில் ஓதம் அடிக்கிற சுவர் என்றால் மாட்டவே வேண்டாம், ஸ்டாண்டில் வையுங்கள்.

43 ஐபிஎஸ்ஸே வாங்கினோம். கடையில் வைத்திருந்த பளிச் மோடை மாற்றி பேக்லைட்டைப் பாதிக்குக் குறைத்தேன். முழு வெளிச்சத்தில் ஓடினால் பேக்லைட் சீக்கிரம் தேயும், பழையதில் இரண்டு தடவை பட்டது போதும். மாட்ட வந்த பையன் சுவரில் ஐந்தடி உயரத்தில் பென்சிலால் குறித்தான். நைனா பாயில் உட்கார்ந்து கையை நீட்டி, "இன்னும் எறக்கு, இன்னும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். இப்போது டிவியின் கீழ் விளிம்பு தரையிலிருந்து இரண்டரை அடியில் இருக்கிறது.