பலகை அறுக்கும் முன்: என் சப்வூஃபர் பெட்டிக் கணக்கு

சில வருடங்களாக ஹாலில் ஓடும் என் 12 இன்ச் சப்வூஃபர் (ஆழ்ந்த பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்) பெட்டியைப் பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "பிளைவுட் எங்கே வாங்கினீங்க?" கேட்க வேண்டியது கணக்கை.

டிரைவர் (பெட்டியில் மாட்டும் ஸ்பீக்கர்) முடிவாகாமல் பெட்டி அளவு போடாதீர்கள். அதன் விவரத் தாளில் எஃப்எஸ் (டிரைவர் இயல்பாக அதிரும் அலைவெண்), க்யூடிஎஸ் (அந்த அதிர்வு எவ்வளவு அடக்கமாக இருக்கிறது), விஏஎஸ் (கோனின் தொங்கலுக்கு இணையான காற்றின் அளவு) என்று எண்கள் இருக்கும். தீல், ஸ்மால் என்ற இரு பொறியாளர்கள் பெயரில் வழங்கும் அளவுகள் இவை. வின்ஐஎஸ்டி என்ற இலவச மென்பொருளில் கொடுத்தால், மூடிய பெட்டியா, போர்ட் (காற்று போய்வரும் குழாய்) வைத்ததா, எத்தனை லிட்டர் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். தாளே இல்லாத டிரைவர் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் நான் தொடமாட்டேன்.

எனக்குச் சரிப்பட்டது 55 லிட்டர், 30 ஹெர்ட்ஸ் டியூனிங் (குழாயும் பெட்டிக் காற்றும் சேர்ந்து அதிரும் அலைவெண்). உள்விட்டம் 10 செ.மீ. உள்ள பிவிசி குழாய் என்றால் நீளம் சுமார் 40 செ.மீ. இந்த 55 லிட்டர், எல்லாம் வைத்த பிறகு மிஞ்ச வேண்டிய காற்று. குழாயே கிட்டத்தட்ட 4 லிட்டரை எடுத்துக்கொள்ளும். டிரைவரின் பின்புறமும் பலகை அதிராமல் நடுவில் கொடுக்கும் தாங்குகட்டையும் (பிரேஸ்) சேர்ந்து இன்னும் ஐந்தாறு. அதனால் உள்ளளவு 36 × 36 × 50 செ.மீ., ஏறத்தாழ 65 லிட்டர். 40 × 40 × 40 வைத்தாலும் 64 லிட்டர் வருமே என்றால், வரும்; ஆனால் குழாய் எதிர்ப்பலகையில் போய் முட்டும். குழாய் வாய்க்கு முன்னால் அதன் விட்டமளவாவது காலி இடம் வேண்டும்.

18 மி.மீ. பிளைவுட், எட்டுக்கு நாலு ஷீட்டில் பாதி போதும். எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அறுக்கச் சுகம்தான், ஆனால் ஈரம் பட்டால் ஓரம் ஊதிவிடும். வரைபடத்தைப் பார்த்த கார்பென்டர் அண்ணன் சொன்னது ஒன்றுதான்: "ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடு 3 மில்லி தின்னும் தம்பி, அதையும் சேர்த்துக் கோடு போட்டுட்டு வாங்க." பொன்னான யோசனை.

ஒட்டி முடித்ததும் உள்ளே மொபைல் டார்ச்சை எரியவிட்டு, குழாய் வாயையும் டிரைவர் ஓட்டையையும் கனத்த துணியால் மூடி, அறை விளக்கை அணைத்துப் பாருங்கள். மூலையில் ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் பசை கேட்கிறது என்று அர்த்தம். டிரைவரை மரத்தில் நேராகத் திருகாமல் டி-நட் (மரத்தில் பதிக்கும் இரும்பு நட்) வைத்தேன். எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் பிடி தளரவில்லை.

குறைகளும் உண்டு. நகர்த்த இரண்டு பேர் வேண்டும். போர்ட் பின்பக்கம் இருப்பதால் சுவரோடு ஒட்டி வைக்க முடியாது. 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனால் போர்ட் வைத்த பெட்டியில் கோனுக்கு (டிரைவரில் முன்னும் பின்னும் அசையும் கூம்பு) கடிவாளம் கிடையாது. ஆம்ப்பில் 25 ஹெர்ட்ஸ் வாக்கில் சப்சானிக் ஃபில்டர் (அதற்குக் கீழுள்ள ஒலியை வெட்டுவது) அவசியம். அப்புறம், பல்லி. குழாய்க்குள் குடியேறிவிட்டது. மெல்லிய கொசுவலை காற்றைத் தடுக்கும் என்பதால், பெரிய கண்ணுள்ள பிளாஸ்டிக் வலையை வாயில் கட்டினேன். பெரிய பல்லிகள் வருவதில்லை, குட்டிகள் இன்னும் வந்துபோகின்றன.