செக்-ரெய்ஸ் கற்க ஒரு காசும் வேண்டாம்: வாஸ்ம் போஸ்ட்பிளாப் மதிப்புரை

முதலில் பெட் வைக்காமல் செக் சொல்லிவிட்டு, எதிராளி பெட் வைத்ததும் அதை உயர்த்துவதுதான் செக்-ரெய்ஸ். ஆறு பேர் மேஜையில் போக்கர் ஆடும் பலர், அதைப் பெரிய சீட்டு விழும்போது மட்டும் எடுக்கிறார்கள். பிக் பிளைண்டில் (சீட்டு பார்க்கும் முன்பே பெரிய கட்டாயப் பந்தயம் வைக்கும் இடம்) இருக்கும்போது பட்டன்காரர் (பிளாப்புக்குப் பின் கடைசியாகப் பேசுபவர்) சிறிதாகப் பெட் வைத்தால் கால் செய்வார்கள், அதாவது அதே தொகையைப் போடுவார்கள், இல்லையென்றால் சீட்டைப் போட்டுவிடுவார்கள். மூன்றாவது வழி ஒன்று இருப்பதே அவர்கள் நினைவுக்கு வருவதில்லை. அந்த மூன்றாவது வழியை எப்போது, எத்தனை முறை எடுக்கலாம் என்று தெரிந்துகொள்ள நான் நம்பிப் பரிந்துரைக்கும் கருவி வாஸ்ம் போஸ்ட்பிளாப். பிரவுசரிலேயே ஓடும் சால்வர் இது, அதாவது எந்த நிலையில் எதை எத்தனை முறை செய்வது சரி என்று கணக்கிடும் நிரல். கட்டணம் கிடையாது, குறிமுறையும் திறந்தே கிடக்கிறது. உருவாக்கியவர் 2023 அக்டோபரில் மேம்பாட்டை நிறுத்திவிட்டார். ஆனாலும் செக்-ரெய்ஸ் படிக்க வருபவருக்கு இதில் இருப்பதே போதும்.

உள்ளே கணக்குப் போடுவது டிஸ்கவுன்டட் சி.எஃப்.ஆர். என்ற முறை, தன்னோடு தானே திரும்பத் திரும்ப ஆடித் தவறுகளைக் குறைத்துக்கொண்டே போவது. அதை வகுத்தவர்கள் நோம் பிரவுனும் டுவோமாஸ் சான்ட்ஹோமும். 2019இல் ஆறு பேர் மேஜையில் தொழில்முறை ஆட்டக்காரர்களை வென்ற புளூரிபஸ் நிரலும் இவர்களுடையதுதான். அவர்களது ஆய்வின் பலன் இன்று சாதாரண மடிக்கணினியில் இலவசமாக ஓடுகிறது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

நான் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கும் ஆட்டம் இது. பட்டன் 2.5 பிளைண்டுக்கு (பிக் பிளைண்ட் தொகையே அளவு) ரெய்ஸ், ஸ்மால் பிளைண்ட் (சிறிய கட்டாயப் பந்தயம் வைப்பவர்) விலகல், பிக் பிளைண்ட் கால். பாட்டில், அதாவது நடுவில் சேர்ந்த தொகையில், 5.5 பிளைண்ட், ஒவ்வொருவர் கையிலும் 97.5. தசமப் புள்ளி தொல்லை வேண்டாமென்று பத்தால் பெருக்கி 55, 975 என்று கொடுக்கிறேன். பட்டனின் பெட் பாட் தொகையில் 33 சதவீதம், நம் ரெய்ஸ் அந்தப் பெட்டைப்போல் நான்கு மடங்கு. இரண்டு பேரின் ரேஞ்சையும், அதாவது அவர்கள் கையில் இருக்கக்கூடிய சீட்டுகளின் தொகுப்பையும், 13-க்கு 13 கட்டத்தில் தீட்ட வேண்டும். இந்த இடத்தில் சோம்பல் கூடாது. ஆறு பேர் மேஜையின் பட்டன், தனக்கு வரும் கைகளில் பாதிக்குச் சற்றே குறைவானவற்றோடு உள்ளே வருவார். ஒன்பது பேர் மேஜையில் முதலில் பேசுபவரின் இறுக்கமான ரேஞ்சை இங்கே கொடுத்தால் வரும் விடையால் பயனில்லை. செக்-ரெய்ஸுக்கு வழி திறப்பதே பட்டனின் இந்தத் தாராளம்தான்.

முதலில் பிளாப்பில், அதாவது மேஜையில் விரியும் முதல் மூன்று பொதுச் சீட்டுகளில், இஸ்பேட் ராஜா, டைமண்ட் ஏழு, கிளாவர் இரண்டு. இதைப் பட்டனுக்குச் சாதகமான பிளாப் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் நான் கொடுத்த ரேஞ்சுகளில், சிறிய பெட்டுக்கு எதிராகப் பிக் பிளைண்ட் பத்தில் ஒரு கையையாவது ரெய்ஸ் செய்கிறது. ஏழு-ஏழு, இரண்டு-இரண்டு, ராஜா-ஏழு போன்றவை எதிர்பார்த்தவையே. பாடம் பிளஃப் கைகளில், அதாவது பலமில்லாமலே உயர்த்தும் கைகளில் இருக்கிறது. டைமண்ட் ஜாக்கியும் டைமண்ட் ஒன்பதும் கையில் இருந்தால் ஒரு பங்கு ரெய்ஸ் வருகிறது. அதே ஜாக்கி-ஒன்பது ஆர்ட்டினில் இருந்தால் பெரும்பாலும் ஃபோல்ட், சீட்டைப் போட்டுவிடுவதுதான். டர்ன் சீட்டுகளை (நான்காவதாக விழக்கூடிய பொதுச் சீட்டு) ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தால் காரணம் புரிகிறது. பிளாப்பிலேயே ஒரு டைமண்ட் இருப்பதால், டர்னில் இன்னொரு டைமண்ட் வந்தால் ஃப்ளஷ் டிரா, ஒரே ஜாதியில் ஐந்து சேர ஒன்றுதான் குறை. பத்து வந்தாலோ, அடுத்து எட்டு விழுந்தாலும் ராணி விழுந்தாலும் ஸ்ட்ரெய்ட், அதாவது வரிசையாக ஐந்து சீட்டு. ஆர்ட்டின் கைக்கும் அந்தப் பத்து உதவும், ஆனால் ஃப்ளஷ் வழி அடியோடு அடைபட்டிருக்கிறது. பிளஃப் ரெய்ஸ் செய்வதற்கு முன்பே, எந்த டர்னில் தொடர்ந்து அடிப்போம், எதில் நிறுத்துவோம் என்று தெரிந்திருக்க வேண்டும். இதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய வேறொன்றை நான் பார்த்ததில்லை.

அடுத்து ஆர்ட்டின் எட்டு, ஆர்ட்டின் ஆறு, கிளாவர் மூன்று. இது பிக் பிளைண்டின் நிலம். ரெய்ஸ் ஐந்தில் ஒன்றை நெருங்குகிறது. ஒன்பது-ஏழு, ஏழு-ஐந்து, ஐந்து-நான்கு என்று நம்மிடம் ஓப்பன் எண்டட் டிராக்கள் (இரு முனையில் எது வந்தாலும் ஸ்ட்ரெய்ட் ஆகும் கைகள்) குவிந்திருக்கின்றன. ஆனால் இதே பிளாப்பில் பட்டனின் பெட்டை 75 சதவீதமாக மாற்றி ஓட்டினால் ரெய்ஸ் சட்டென்று சுருங்குகிறது. மூன்று சீட்டும் ஒரே ஜாதியில் விழும் பிளாப்புகளிலும் அடக்கம்தான். எத்தனை முறை என்ற கேள்விக்கு ஒரே எண்ணைப் பதிலாகத் தருபவர்களிடம் இந்த இரண்டு திரைகளையும் அருகருகே காட்ட வேண்டும்.

கணக்கையும் கையால் போட்டுப் பார்க்கலாம். பாட் 55, பட்டனின் பெட் 18, ஆக 73. அதைப் பிடிக்க நாம் வைப்பது 72. எதிராளி ஏறக்குறைய பாதி நேரம் சீட்டைப் போட்டாலே வெறும் பிளஃப்கூட முதலுக்கு மோசமில்லை. பட்டனுக்கோ இன்னும் 54 போட்டால் போதும், 27 சதவீத வெற்றி வாய்ப்பு இருந்தாலே கால் கட்டுப்படியாகும். எனவே சரியாக ஆடுபவர் நிறையக் கால் செய்வார். சிறிய பந்தய மேஜைகளில் நான் பார்க்கும் பட்டன்காரர்கள் அப்படி ஆடுவதில்லை. கையில் ராஜா இல்லையென்றால் விலகிவிடுகிறார்கள். அவர்களிடம் நான் சால்வர் சொல்வதைவிடக் கூடுதலாகவே ரெய்ஸ் செய்கிறேன். எதிரில் பிழையில்லாத ஆட்டக்காரர் இருப்பதாக வைத்துத்தான் கருவி விடை தருகிறது. உங்கள் மேஜையில் இருப்பவரைக் கவனிப்பது உங்கள் வேலை.

இரண்டு எல்லைகளைச் சொல்லியாக வேண்டும். இது இருவர் மோதலுக்கு மட்டுமே. வீட்டு ஆட்டங்களில் மூன்று பேர், நான்கு பேர் பிளாப் பார்ப்பது சாதாரணம், அங்கே இந்த விடைகளை அப்படியே தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அடுத்தது நினைவகம். பிரவுசருக்குள் ஓடுவதால் நான்கைந்து பெட் அளவுகளைக் கொடுத்தால் கணக்கிட வேண்டிய கிளைகளின் மரம் பெருத்துவிடும். ஓர் அளவு, ஒரு ரெய்ஸ் என்று சிக்கனமாகத் தொடங்குங்கள். அதிகம் வேண்டுமென்றால் இதே ஆசிரியரின் டெஸ்க்டாப் போஸ்ட்பிளாப் இருக்கிறது, அதுவும் இலவசம்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்கிறது. இந்தக் கருவியில் பந்தயமும் இல்லை, எதிராளியும் இல்லை. ஆட்டத்தின் கணக்கு பிடித்தவர்கள் தாராளமாகத் திறந்து உட்காரலாம். புதிதாக வருபவர்கள் முதல் வாரம் மேலே சொன்ன ராஜா-ஏழு-இரண்டை மட்டுமே ஓட்டுங்கள், டர்ன் சீட்டு ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். எட்டு-ஆறு-மூன்றுக்கு அதன் பிறகு போகலாம்.