சங்ககிரி ஈசிஎம் பட்டறை: பெட்டியைத் தொடும் முன் ஒயரைப் பார்த்தவர்

எங்களிடம் இருப்பது 2018 மாடல் லாரி, பன்னிரண்டு சக்கரம், பிஎஸ்4 புகை விதிப்படி வந்தது. நாமக்கல்லில் இருந்து லைன் போகும். திரும்பும்போது பெரும்பாலும் தாவணகெரே மக்காச்சோளம், இங்கே கோழித் தீவனத்துக்கு. அப்பா காலத்து வண்டியில் பம்பும் நாசிலும்தான். வழியில் நின்றால் எந்த ஊர் மெக்கானிக்கும் ஸ்பேனரை வைத்தே ஓட வைத்துவிடுவார். 2017 ஏப்ரலில் பிஎஸ்4 வந்த பிறகு வாங்கிய இந்த வண்டியில், டீசலை எப்போது, எவ்வளவு தெளிப்பது என்று முடிவு செய்வது இன்ஜின் பக்கவாட்டில் போல்ட் போட்டிருக்கும் ஓர் அலுமினியப் பெட்டி, ஈசிஎம் என்கிற இன்ஜின் கம்ப்யூட்டர். அந்த ஈசிஎம் போன வருஷம் கெட ஆரம்பித்தது.

மூன்று மணி நேரம் நன்றாக ஓடும். இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது சட்டென்று ஆஃப் ஆகும். அரை மணி ஆறவிட்டு செல்ஃப் அடித்தால் ஒன்றுமே நடக்காதது போலக் கிளம்பும். முதலில் காட்டிய பட்டறையில் கிராங்க் சென்சாரை மாற்றினார்கள். அப்புறம் ரெயில் பிரஷர் சென்சார். பதினெட்டாயிரம் போனது, கோளாறு போகவில்லை. கடைசியில் "ஈசிஎம் போயிடுச்சு, புதுசு போட்டுடுங்க" என்றார்கள். பெட்டியைக் கழற்றிக்கூடப் பார்க்காமல் சொன்ன வார்த்தை அது.

நான் யோசித்துக்கொண்டே ஒரு லோடு அனுப்பினேன். அனுப்பியிருக்கக் கூடாது. மக்காச்சோளத்தோடு தொப்பூர் கணவாயில் இறங்கும்போது இன்ஜின் ஆஃப் ஆனது. டிரைவர் அண்ணன் மூன்றாவது கியரில் இறக்கிக்கொண்டிருந்தார். கிளட்ச்சை மிதிக்காமல் கியரிலேயே விட்டதால் சக்கரம் இன்ஜினைச் சுற்றியது. ஏர் கம்ப்ரசரும் பவர் ஸ்டியரிங்கும் வேலை செய்தன. இடது ஓரம் கட்டி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுத்தான் எனக்குப் போன் செய்தார். பதற்றத்தில் கிளட்ச்சை மிதித்திருந்தால் ஸ்டியரிங் கல்லாகியிருக்கும். தொப்பூரில் எத்தனை லாரி உருண்டிருக்கிறது என்று லைனில் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அன்றைக்கே முடிவு செய்தேன், இதைச் சரி செய்யாமல் வண்டி லோடு ஏறாது.

சங்ககிரியில் ஈசிஎம் போர்டு வேலை பார்க்கிற ஒருவரைப் பற்றி இரண்டு லாரிக்காரர்கள் சொன்னார்கள். இருக்கிற வேலையே முடியவில்லை என்று அவர் கேட்டுக்கொண்டதால் பெயரைப் போடவில்லை. "பெட்டியை மட்டும் கழற்றி அனுப்பட்டுமா அண்ணா?" என்று போனில் கேட்டேன். "வேண்டாம் தம்பி, வண்டியைக் கொண்டு வாங்க. ஒயரைப் பார்க்காம பெட்டியைப் பார்த்து என்ன பண்றது?" என்றார். விற்பனையை விட்டுவிட்டு வண்டியைக் கேட்டாரே, அங்கேயே எனக்கு நம்பிக்கை வந்தது.

முதல் நாள் முழுக்க அவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஒயர்கள் பெட்டியில் சேரும் கப்ளரில் மீட்டர் 24 வோல்ட் காட்டுகிறது, சப்ளை சரி என்று எங்கள் எலக்ட்ரீசியன் ஏற்கெனவே சொல்லியிருந்தார். இவர் அதை ஏற்கவில்லை. ஈசிஎம் கப்ளரைக் கழற்றி, கரன்ட் வரும் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவே ஒரு 24 வோல்ட் ஹெட்லைட் பல்பை மாட்டினார். பல்பு மங்கலாக எரிந்தது. ஒரே ஓர் இழையில் தொங்குகிற ஒயரிலும் மீட்டர் 24 காட்டிவிடும், பாரம் ஏற்றினால்தான் வண்டவாளம் தெரியும் என்றார். தேடிப் போனால், பேட்டரி எர்த் சேசிஸில் சேரும் இடத்தில் பெயின்டுக்கு அடியில் முழுக்கத் துரு. சுரண்டி, புது லக் வைத்து முடுக்கியதும் பல்பு பளிச்சென்று எரிந்தது.

சரி, வேலை முடிந்தது என்று நான் கிளம்பப் பார்த்தேன். அவர் விடவில்லை. சென்சார்களுக்குப் போகிற 5 வோல்ட்டை அளந்துகொண்டே ஒவ்வொரு சென்சார் கப்ளராகக் கழற்றினார். ஒரு சென்சார் உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் அந்த 5 வோல்ட்டையே கீழே இழுத்துவிடும். நல்ல ஈசிஎம் செத்தது போலத் தெரியும். அது சரியாக இருந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு, வண்டியின் கம்ப்யூட்டர் பெட்டிகள் ஒன்றோடொன்று பேசுகிற கேன் ஒயர் இரண்டுக்கும் நடுவே அளந்தார். 60 ஓம். அதுவும் சரி.

இரண்டாம் நாள்தான் பெட்டி மேஜைக்கு வந்தது. சப்ளை கொடுத்து, ஸ்கேனரை மாட்டி, ஹாட் ஏர் கன்னால் மெல்லச் சூடாக்கினார். 70 டிகிரி தாண்டியதும் ஸ்கேனரில் தொடர்பு அறுந்தது. ஆறியதும் திரும்பி வந்தது. மூன்று முறை செய்து காட்டினார். இன்ஜினில் உட்கார்ந்திருக்கிற பெட்டி இதைவிட அதிகச் சூட்டைத் தாங்க வேண்டும். மூடியைப் பிரித்தபோது கப்ளர் பின்களுக்கு அடியில் ஈயப்பற்று விரிசல், ஒரு மூலையில் பச்சையாகப் பூத்திருந்தது. தண்ணீர் இறங்கியிருக்கிறது.

"பற்ற வெச்சுத் தரலாம். ஆனா திரும்பவும் தொப்பூர்ல நின்னா நான் என்ன பதில் சொல்றது?" என்றார். புதுப் பெட்டி ஒரு லட்சத்துப் பத்தாயிரம் ஆகும். உடைத்த வண்டியிலிருந்து எடுத்த அதே பார்ட் நம்பர் பெட்டி முப்பத்தெட்டாயிரம். எட்டு வருஷ வண்டிக்கு நான் இரண்டாவதைக் கேட்டேன். வந்த முதல் பெட்டியை என் கண் முன்னால் சூடாக்கினார். அதுவும் அறுந்தது, திருப்பி அனுப்பிவிட்டார். நாலு நாள் கழித்து வந்த இரண்டாவது பெட்டி ஒரு மணி நேரம் சூட்டில் நின்றது. அதற்குப் பிறகுதான் காசு வாங்கினார்.

பெட்டியை மாட்டினால் மட்டும் வண்டி சரியாக ஓடிவிடாது. பழைய பெட்டி ஆறியிருக்கும்போதே அதில் உள்ளதை எல்லாம் எடுத்துவைத்திருந்தார்: எங்கள் இன்ஜினுக்கான கேலிப்ரேஷன் என்கிற அளவுக் கணக்கு, சேசிஸ் நம்பர், 80 கிலோமீட்டர் வேக வரம்பு, டீசல் தெளிக்கிற ஆறு இன்ஜெக்டர்களின் கோடு நம்பர். ஒவ்வொரு இன்ஜெக்டரும் தெளிக்கிற அளவில் துளி வித்தியாசம் இருக்கும்; அதைச் சரிக்கட்டத்தான் அந்தக் கோடு. முன்பு இரண்டு இன்ஜெக்டர் மாற்றியபோது அவற்றின் கோடு நம்பரை நான் எடுத்த போட்டோ போனில் இருந்தது. ஒப்பிட்டால் அந்த இரண்டு கோடும் ஏற்றப்படவே இல்லை! ஐடிலில் இத்தனை நாள் கேட்ட தட்டல் அதுதான். சரியான கோடு போட்டதும் நின்றது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் காத்திருந்தபோது வேறொரு வண்டிக்காரர், புகையின் நச்சைக் குறைக்கிற யூரியா சிஸ்டத்தை ஆஃப் செய்து தரச் சொல்லி நல்ல தொகை பேசினார். பட்டறைக்காரர் முடியாது என்று அனுப்பிவிட்டார். அந்தப் புகையைச் சுவாசிப்பது நம் பிள்ளைகள்தான். எனக்கு அவர் மேல் மரியாதை கூடியது.

குறைகளும் உண்டு. மொத்தம் ஏழு நாள் வண்டி நின்றது, வாடகை போனது. காலையில் போன் எடுக்கமாட்டார். நிறுத்த இடம் இல்லை, ரோட்டோரம்தான். டிரைவர்களுக்குக் கழிப்பறை வசதி கிடையாது, இதை அவரிடமே சொன்னேன். வாரன்டி ஆறு மாதம், பில்லில் எழுதிக் கொடுத்தார், தண்ணீர் இறங்கினால் செல்லாது. கூலி ஏழாயிரத்து ஐந்நூறு சேர்த்து நாற்பத்தைந்தாயிரத்து ஐந்நூறு ஆனது. எனக்கு நியாயமான விலை.

வாட்டர் சர்வீஸில் ஈசிஎம் கப்ளர் பக்கம் பிரஷர் அடிக்கவிடாதீர்கள் என்றார். பாடியில் வெல்டிங் வைத்தால் பேட்டரி டெர்மினல் இரண்டையும், ஈசிஎம் கப்ளரையும் கழற்றச் சொன்னார். வெல்டிங் எர்த்தைப் பற்றவைக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்ட வேண்டுமாம். போன வருஷம் சைடு பலகைக்கு வெல்டிங் வைத்தபோது நாங்கள் எதையுமே கழற்றவில்லை.

போகிறவர்கள் லோடு இறக்கிவிட்டு, மதியத்துக்கு மேல் போங்கள். இன்ஜெக்டர் மாற்றிய பில்லோ போட்டோவோ இருந்தால் மறக்காமல் எடுத்துப் போங்கள். முடிந்தவரை கோளாறு வருகிற சூட்டிலேயே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துங்கள். ஆறிய வண்டியைக் காட்டினால் அவருக்கும் ஒரு நாள் கூடுதலாகப் பிடிக்கும்.