‘ஆஃப்டர்மாத்’ எங்கே, ‘கான்சிக்வென்ஸ்’ எங்கே?

காட்பாடியில் மாலை நேரத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். ஒன்று நடந்தபின் வருவதைச் சொல்ல ஆங்கிலத்தில் நாலைந்து சொற்கள். எதை எங்கே போடுவது என்று பிள்ளைகள் திணறுவார்கள். நான் உடனே எங்கள் கோட்டைக்குப் போய்விடுவேன்: 1806 ஜூலை 10, வேலூர் சிப்பாய்ப் புரட்சி.

‘கான்சிக்வென்ஸ்’ போட வேண்டுமென்றால் காரணம் இருந்தாக வேண்டும். நெற்றியில் குறி கூடாது, தாடி கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகை அணிய வேண்டும் என்று உத்தரவு வந்தது, சிப்பாய்கள் கொதித்தெழுந்தார்கள். சென்னை ஆளுநர் வில்லியம் பென்டிங்க்கை 1807இல் திருப்பி அழைத்துக்கொண்டதும் இந்த வகைதான். ‘இதனால் இது’ என்று விரல் வைத்துக் காட்ட முடிகிறதா? அப்போது இந்தச் சொல். ‘ரிசல்ட்’டும் ஏறக்குறைய இதேதான், ஆனால் கனம் குறைவு, பரீட்சைக்கும் போடலாம், பந்தயத்துக்கும் போடலாம்.

எனக்குப் பிடித்தது ‘ஆஃப்டர்மாத்’. இதில் ‘மாத்’ என்பது புல் அறுப்பதைக் குறித்த பழைய சொல். அறுத்த புல்வெளியில் மறுபடி முளைக்கும் புல்லுக்குத்தான் முதலில் இந்தப் பெயர். கரும்பு வெட்டிய கட்டையின் ஓரத்தில் விரல்நுனி அளவு பச்சையாக எட்டிப் பார்க்குமே, நாம் மறுதாம்பு என்கிறோமே, கிட்டத்தட்ட அதுதான். நம் ‘விளைவு’ம் வயலில் பிறந்ததுதானே! ஆனால் ஆங்கிலச் சொல் பசுமையைத் தொலைத்துவிட்டது. இன்று அது பேரழிவுக்குப் பின் வரும் காலம். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து கோட்டையை மீட்டபின் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் கொல்லப்பட்டார்கள். கோட்டையில் காவலில் இருந்த திப்பு சுல்தானின் பிள்ளைகளைக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். அந்த நாட்கள் முழுவதும் ‘ஆஃப்டர்மாத்’.

‘இன் த வேக் ஆஃப்’ கப்பல் போன தடத்திலிருந்து வந்தது. நம் செய்தித்தாள்களின் ‘அதைத் தொடர்ந்து’ அச்சாக இதுவே. பின்னால் வந்தது என்று மட்டும் சொல்லும், காரணத்தை உறுதியாகச் சொல்லாது. அதனால் கட்டுரையில் இதை அதிகம் போடாதீர்கள் என்பேன். ‘ஃபால்அவுட்’ அணுகுண்டுத் தூசியில் பிறந்தது. அரசியல் சங்கடங்களுக்குச் சரி.

போன வருடம் ஒரு மாணவி, அக்கா கல்யாணத்தின் ‘ஆஃப்டர்மாத்’தில் வீடே மகிழ்ச்சியாக இருந்தது என்று எழுதியிருந்தாள். அந்தச் சொல்லை அடித்துவிட்டு, வெறும் ‘ஆஃப்டர்’ போதும்மா என்று பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன்.