கோவையிலிருந்து இணையத்தில் ஸ்கூபா ரெகுலேட்டர் வாங்குகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

கடலுக்கடியில் மூச்சு விடுவதற்கான கருவியைப் புத்தம் புதியது என்று சொல்லி, யாரோ பயன்படுத்தி உப்பேறிப்போன பழையதை என் தலையில் கட்டிவிட்டார்கள். ரூ.21,500 போயிற்று. பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். அதை வாயில் கவ்விக்கொண்டு தண்ணீரில் இறங்க இருந்தேன் என்று நினைக்கும்போதெல்லாம் இன்றும் வயிறு கலங்குகிறது. எங்கள் பட்டறைப் பக்கத்திலேயே இரண்டு தம்பிகள் இதே போன்ற செட்டை வாங்கப் போவதாகச் சொன்னதால் இதை எழுதுகிறேன்.

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்புகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுப்பது தொழில். நீச்சல் பழகியது அன்னூர்ப் பக்கம் அப்புச்சி தோட்டத்துக் கிணற்றில், முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு. 2022-இல் புதுச்சேரியில் ஸ்கூபா பயிற்சி முடித்து, 18 மீட்டர் வரை இறங்கலாம் என்ற சான்றிதழ் வாங்கினேன். வருடத்துக்கு இரண்டு தடவை புதுச்சேரி, முடிந்தால் ஒரு தடவை கர்நாடகத்து முருடேஸ்வரம் போய் நேத்ராணித் தீவு. ஒவ்வொரு முறையும் வாடகை ரெகுலேட்டரை, யார் யாரோ கடித்த வாய்ப்பகுதியோடு கவ்வ மனம் ஒப்பாமல், சொந்தமாக ஒன்று வாங்க முடிவு செய்தேன்.

புதுச்சேரியில் பயிற்சி கொடுத்த கடையில் ரூ.38,000 சொன்னார்கள். இணையத்தில் அதே நிறுவனத்தின் அதே மாடல், அழுத்தமானியோடு சேர்த்து ரூ.21,500. "சீல் பிரிக்காதது, இரண்டு வருட வாரண்டி" என்று போட்டிருந்தது. பாதி விலைக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கிறதே என்று பணத்தைக் கட்டிவிட்டேன். ஐந்தாம் நாள் பெட்டி வந்தது. பளபளவென்று பிளாஸ்டிக் உறை சுற்றியிருந்தது. பிரித்துப் பார்த்தேன், மினுமினுப்பாக இருந்தது, பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

தவறு நடந்தது அங்கேதான். திருப்பி அனுப்ப அவர்கள் கொடுத்த அவகாசம் ஏழு நாள். சென்னையிலோ புதுச்சேரியிலோ இருப்பவர் அந்த வாரமே தண்ணீரில் சோதித்துவிடுவார். நமக்குக் கடல் ஒரு ராத்திரிப் பயணம். பட்டறையில் வேலை ஒழிந்து, டிக்கெட் எடுத்து நான் புதுச்சேரி போய்ச் சேர்ந்தபோது ஐந்து வாரம் ஓடிவிட்டது. நம் பக்கத்து ஆட்களுக்கு இப்படித்தான் ஆகும் என்பது விற்றவனுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

புதுச்சேரிக் கடையில் சர்வீஸ் பார்க்கும் தம்பி, சிலிண்டரில் மாட்டுவதற்கு முன்பே, ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் என்கிற, சிலிண்டரோடு பொருந்தும் பகுதியின் மூடியைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். காற்று நுழையும் வாயில் சின்ன வட்ட வடிகட்டி ஒன்று இருக்கும், பொடியை இறுக்கிச் செய்த உலோகம். அது பச்சையாக இருந்தது. களிம்பு. பித்தளையோடு முப்பது வருடம் புழங்குகிற எனக்கு அந்தப் பச்சையைப் பார்த்ததும் விளங்கிவிட்டது: உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. மூடியைப் போடாமல் கடல் நீரில் முக்கினாலோ கழுவினாலோ அப்படி ஆகும். பிறகு கருவியின் உடம்பைத் திருப்பிப் பார்த்தேன். சீரியல் எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை. எமரி போட்டுத் தேய்த்துவிட்டு மேலே பாலிஷ் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கீறல்கள் எந்தத் திசையில் ஓடியிருக்கின்றன என்றுகூட என்னால் சொல்ல முடிந்தது. வந்த அன்றைக்கே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

அதன் பிறகு சிலிண்டரில் மாட்டி, ஹோஸ் ஒன்றில் சின்ன மீட்டரைச் செருகினார். சிலிண்டரில் இருக்கும் 200 பார் அழுத்தத்தை ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் ஒன்பது, பத்து பார் அளவுக்குக் குறைத்து அனுப்ப வேண்டும். முள் அங்கே போய் நின்றுவிட வேண்டும். எங்கள் முள் ஒன்பதரையில் நின்றது போல் இருந்து, மெல்ல நகர்ந்தது. பத்து. பதினொன்று. பன்னிரண்டை நெருங்கும்போது வாயில் வைக்கும் பகுதி தானாகவே சீறத் தொடங்கியது. உள்ளே வால்வு சரியாக அமரவில்லை. "அண்ணா, இதை வாயில் வைக்காதீர்கள்" என்று சொல்லி சிலிண்டரை மூடிவிட்டார். 18 மீட்டரில் நாம் இழுக்கும் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலே செலவாவதைப் போல 2.8 மடங்கு காற்று செலவாகும். அந்த ஆழத்தில் இது சீறிக் கொட்டியிருந்தால் சிலிண்டர் எவ்வளவு சீக்கிரம் காலியாகியிருக்கும் என்று கணக்குப் போட எனக்கு மனமில்லை. பழுது பார்க்கவும் வழியில்லை. சீரியல் எண் இல்லாத பொருளுக்கு உதிரிபாகம் தர மாட்டோம் என்று நிறுவனத்தின் விநியோகஸ்தர் மறுத்துவிட்டார்.

உள்ளூர்க் கடை என்றால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்றும் சொல்ல மாட்டேன். முதலில் மாஸ்க் வாங்கியது கோவையில் ஒரு விளையாட்டுப் பொருள் கடையில். பிளாஸ்டிக் வில்லை போட்ட நீச்சல் மாஸ்க்கை டைவிங் மாஸ்க் என்று கொடுத்தார். அதற்கு டெம்பர்டு கண்ணாடி வேண்டும் என்பது அவருக்கே தெரியாது. ஆனால் விஷயத்தைச் சொன்னதும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். கடை அங்கேயே இருக்கிறது, ஆள் அங்கேயே இருக்கிறார். மாஸ்க்கை முகத்தில் ஒட்டி, வாரைப் போடாமல் மூக்கால் இழுத்து, கீழே விழாமல் நிற்கிறதா என்று பார்க்கவும் கடையில்தான் முடியும்.

இணையத்தில் வாங்கியே தீர வேண்டும் என்றால், பெட்டி வந்த அன்றே, பிரிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். சீரியல் எண்ணும் வாரண்டி அட்டையில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். வடிகட்டியில் டார்ச் அடியுங்கள்: பச்சை, துருச் சிவப்பு, கருப்பு எது தெரிந்தாலும் அப்படியே திருப்பி அனுப்புங்கள். மூடியை இறுக்கிப் போட்டுவிட்டு வாய்ப்பகுதியில் காற்றை இழுத்துப் பாருங்கள், காற்று வரக் கூடாது. வந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. இதற்கெல்லாம் கடல் வேண்டாம், வீட்டுத் திண்ணை போதும். ஆனால் நம் ஊரில் பட்டறைக்குப் பட்டறை கம்ப்ரசர் இருக்கிறதே என்று அதில் மாட்டிப் பார்க்காதீர்கள். அது எண்ணெய் கலந்த காற்று, மூச்சு விடுவதற்கு ஆனதில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கிணற்றில் விழுந்த மோட்டாரை எடுக்க இந்த செட் ஆகுமா என்று எங்கள் ஊரில் ஒரு பெரியவர் கேட்டார். பயிற்சி இல்லாமல் வேண்டவே வேண்டாம், அய்யா. கிணற்றில் நாம் பழகியது தம் பிடிப்பது. சிலிண்டர் காற்றை இழுத்துவிட்டுத் தம் பிடித்தபடி மேலே வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். சில மீட்டர் ஆழமே அதற்குப் போதும்.

புகார் விஷயத்துக்கு வருகிறேன். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகத் தெரிவிக்க வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். எனக்கு வந்தது "அவகாசம் முடிந்துவிட்டது" என்ற ஒற்றை வரி. விற்றவனின் எண் உபயோகத்தில் இல்லை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்திருக்கிறேன். அடுத்து கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நாம் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருடம் அவகாசம் உண்டு, பொருளுக்குக் கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. சர்வீஸ் தம்பி எழுதிக் கொடுத்த அறிக்கையும், களிம்பு பிடித்த வடிகட்டியின் படங்களும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன.

போன வாரம் அதே தளத்தில் வேறொரு பெயரில் அதே மாடல் செட் விற்பனைக்கு வந்திருக்கிறது. விலை ரூ.18,900. எனக்குக் காட்டிய அதே படம்தான்: அதே மேசை, அதே வெளிச்சம், மூடியின் ஓரத்தில் பிறை வடிவில் அதே சின்னக் கீறல். தளத்துக்கு எழுதிவிட்டேன், இன்னும் எடுக்கவில்லை. அந்தக் கீறலைப் படத்தில் பார்த்தால் வாங்காதீர்கள்.