பழைய பென்டியம் பிசிக்கு மோடம்: உள்ள சொருகுறதா, வெளிய வைக்கிறதா?

பரண்ல கிடந்த பென்டியம் 133 ஒண்ண தூசி தட்டி விண்டோஸ் 98 எஸ்இ போட்டேன், நல்லாவே ஓடுது. நடுவுல ஒரு சின்ன ஈபிஏபிஎக்ஸ் பாக்ஸ் (வீட்டுக்குள்ளயே ஓடுற குட்டி டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்) வச்சு இன்னொரு பழைய பிசிக்கு டயல் பண்ணணும்னு ஆசை. கைல மூணு மோடம் இருந்துச்சு, பழைய ஐஎஸ்ஏ ஸ்லாட்ல சொருகுற, ஜம்பர் (செட்டிங் மாத்துற குட்டி பின் மூடி) வச்ச கார்டு, புது வகை பிசிஐ ஸ்லாட்ல சொருகுற சாஃப்ட் மோடம், அப்புறம் வெளிய வைக்கிற சீரியல் மோடம். மூணையும் மாட்டிப் பாத்துட்டுதான் சொல்றேன், என் ஓட்டு எக்ஸ்டெர்னலுக்கு.

பிசிஐ சாஃப்ட் மோடம் பத்தி பெருசா பேச ஒண்ணுமில்ல. பாதி வேலைய சிபியு தலைல கட்டிடும், 133 மெகாஹெர்ட்ஸ் அதுக்குப் பத்தாது, டாஸ்ல கார்டு இருக்கறதே தெரியாது. டிரைவர் கிடைக்கலைன்னா அதோட சரி.

ஐஎஸ்ஏ கார்டு அப்படி இல்ல, அது முழு மோடம், மதிக்கலாம். தலைவலி ஐஆர்க்யூலதான், அதாவது ஒரு சாதனம் சிபியுவ கூப்பிடுற சிக்னல் லைன். காம் போர்ட் (சீரியல் போர்ட்) நாலு இருக்கு, ஆனா காம் 1ம் காம் 3ம் ஐஆர்க்யூ 4, காம் 2ம் காம் 4ம் ஐஆர்க்யூ 3. ஐஎஸ்ஏல ஒரே ஐஆர்க்யூவ ரெண்டு பேரு பங்கு போட்டுக்க முடியாது. என் மவுஸ் சீரியல் மவுஸ், காம் 1ல இருக்கு, கார்டு ஜம்பர் காம் 3ல இருந்துச்சு. விண்டோஸ் அழகா மோடத்த கண்டுபிடிச்சுது, டிவைஸ் மேனேஜர்ல மஞ்சள் குறி கூட இல்ல, ஆனா டயல் பண்ண ஆரம்பிச்ச உடனே மவுஸ் அப்படியே உறைஞ்சு நின்னுடுச்சு. சரின்னு காம் 4க்கு மாத்தலாம்னு பாத்தா என் டிஸ்ப்ளே கார்டு எஸ்3, அந்த சிப் காம் 4 அட்ரஸ்லயே வந்து உக்காரும். கடைசில பயாஸ்ல போர்டோட காம் 2வ டிசேபிள் பண்ணிட்டு கார்ட காம் 2, ஐஆர்க்யூ 3க்கு ஜம்பர் மாத்தினதும் சரியாச்சு. இன்டெர்னல் கார்டு வச்சிருக்கவங்க நேரா இதையே முதல்ல செய்ங்க, ரெண்டு நாள் மிச்சம்.

இப்ப எக்ஸ்டெர்னல், ஐஎஸ்ஏ கார்ட கழட்டிட்டு போர்டோட காம் 2வ பயாஸ்ல திரும்ப எனேபிள் பண்ணி மாட்டினேன். இதுவும் முதல்ல டிடெக்ட் ஆகலதான். ஆனா எங்க தப்புன்னு படிப்படியா கேட்டுத் தெரிஞ்சுக்க முடியுது பாருங்க, என்னைப் பொறுத்தவரை முடிவு பண்ணினது இதுதான். இன்டெர்னல்ல போர்ட், மோடம் ரெண்டும் ஒரே கார்டு, எது மக்கர் பண்ணுதுன்னு பிரிச்சுப் பாக்க வழியில்ல. எக்ஸ்டெர்னல்ல போர்ட் தனி, கேபிள் தனி, மோடம் தனி.

நான் செஞ்சத சொல்றேன். கன்ட்ரோல் பேனல், மோடம்ஸ், டயக்னாஸ்டிக்ஸ் போய் பாத்தா காம் 2ல 16550 யூஆர்ட் (சீரியல் போர்ட்ட ஓட்டுற சிப்) இருக்குன்னு காட்டுது, மோடத்துகிட்ட இருந்து மட்டும் பதிலே இல்ல. கேபிள கழட்டிட்டு, பிசி பின்னாடி 9 பின் போர்ட்ல 2வது பின்னையும் 3வது பின்னையும் ஒரு மெல்லிசு ஒயர் துண்டால சேத்தேன். ஹைப்பர்டெர்மினல்ல (போர்ட் வழியா எழுத்து அனுப்பி வாங்குற விண்டோஸ் புரோகிராம்) காம் 2வ நேரடியா தேர்ந்தெடுத்து, ஃப்ளோ கன்ட்ரோல் வேண்டாம்னு (None) வச்சு டைப் பண்ணினேன். போர்ட் நல்லா இருந்தா அடிக்கிற எழுத்து திரும்பி ஸ்கிரீன்ல வரணும், எனக்கு ஒரு எழுத்து கூட வரல. அப்பவே தெரிஞ்சுது, மோடத்து மேல தப்பில்ல. மதர்போர்டுல இருந்து பின்பக்கம் வர்ற ரிப்பன் கேபிள் பிராக்கெட் இருக்கே, அதுல ரெண்டு விதமான ஒயரிங் உண்டு, பாக்க ஒண்ணு போலவே இருக்கும். எங்கிட்ட இருந்தது வேற போர்டோடது. சிப் போர்டுலயே இருக்கறதால விண்டோஸ் யூஆர்ட்ட பாத்துடும், சிக்னல்தான் தப்பான பின்னுக்குப் போகும். சரியான பிராக்கெட் மாட்டினதும் எழுத்து வந்துச்சு. அப்புறம் கேபிள மாட்டி 25 பின் முனைலயும் 2, 3 சேத்துப் பாத்தேன், அங்கயும் வந்துச்சு. மோடத்த சொருகி டெர்மினல திறந்ததும் பிசி தயார்னு காட்டுற டிஆர் லைட் எரிஞ்சுது, மோடத்த கூப்பிடுற ஏடி கட்டளைய அடிச்சதும் ஓகே-னு பதில்.

எக்ஸ்டெர்னல் தோக்குற இடமும் இருக்கு. 486 மாதிரி மெஷின்ல பழைய ஐஓ கார்டு 8250 இல்ல 16450 சிப்போட இருந்தா பஃபர் கிடையாது, வேகமா வர்ற டேட்டா தொலையும். 16550ஏல 16 பைட் பஃபர் இருக்கு, நல்ல இன்டெர்னல் கார்டு அதைத் தானே கொண்டு வரும், அங்க அதுதான் மேல்னு நினைக்கிறேன், 486ல நான் அதிகம் ஓட்டினதில்ல. இன்னொண்ணு அடாப்டர். பல மோடத்துக்கு ஏசி வெளிய தர்ற அடாப்டர்தான் வேணும், வீட்டுல கிடக்குற டிசி அடாப்டர சொருகிடாதீங்க, மோடத்து அடில எழுதியிருக்கறத படிங்க. ஆனா மோடம் தொங்கிப் போனா பிசிய ரீஸ்டார்ட் பண்ணாம அந்த அடாப்டர பிடுங்கிச் சொருகினாலே போதும், இந்த சௌகரியம் இன்டெர்னல்ல கிடையாது.

ஈபிஏபிஎக்ஸ் டயல் டோன் வேற மாதிரி இருக்கறதால முதல்ல நோ டயல்டோன்-னு வந்துச்சு, ஏடிஎக்ஸ்3-னு கட்டளை கொடுத்தேன், டோனுக்குக் காத்திருக்காம டயல் பண்ணிடுச்சு. 56கேன்னு பெட்டில போட்டிருந்தாலும் வீட்டுக்குள்ள ரெண்டு சாதா மோடம் பேசிக்கிட்டா செகண்டுக்கு 33600 பிட்தான் உச்சம். எனக்கு 31200 கிடைச்சுது, மவுஸ் நிக்காம ஓடுது.